மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்புக்கு: நீச்சல் குளத்து நீர்ச்சோதனையின் வரலாறு

நீச்சல் குளத்து நீரை ரசாயனத்தால் காக்கத் தெரியாத காலத்தில், அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவது ஒன்றே வழியாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பொதுக் குளியல் கூடங்களில் வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ தண்ணீரை மாற்றினார்கள். புதுத் தண்ணீர் விட்ட நாளில் கட்டணம் அதிகம். நாளாக ஆக, தண்ணீர் கலங்கக் கலங்க, கட்டணம் இறங்கும். ஏழைகளுக்கு வாய்த்தது பெரும்பாலும் கடைசி நாள் தண்ணீர்தான். கண்ணும் மூக்கும் தவிர வேறு சோதனை கிடையாது. தெளிந்த நீரிலும் நோய்க்கிருமி இருக்கும் என்பது நுண்ணுயிரியல் வளர்ந்த பிறகே உறைத்தது.

1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீரில் ஜான் லீல் என்ற மருத்துவர் குளோரின் சேர்மத்தைத் தொடர்ந்து கலக்க ஏற்பாடு செய்தார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பிரௌன் பல்கலைக்கழக நீச்சல் குளத்திலும் பிளீச்சிங் பவுடர் விழுந்தது.

கலப்பது எளிது, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அறிவதுதான் கடினம். கிருமியையும் அழுக்கையும் அழிக்கும்போது குளோரின் தானும் செலவாகிவிடும். காலையில் போட்ட அளவை வைத்து மாலையில் இருப்பதைச் சொல்ல முடியாது. இதற்கு 1913இல் எல்ம்ஸ், ஹவுசர் என்ற இருவர் ஒரு வழி வகுத்தார்கள். ஆர்த்தோடொலிடின் கரைசலைச் சில சொட்டு விட்டால், குளோரின் உள்ள நீர் மஞ்சளாகும். எவ்வளவு அதிகமோ அவ்வளவு அடர் மஞ்சள்.

இன்னொரு சோதனை பீர் ஆலையிலிருந்து வந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் சோரன்சன், நொதிகளை ஆராயும்போது அமிலத்தன்மையைக் குறிக்க 1909இல் பி.எச். அளவுகோலை உருவாக்கினார். குளத்துக்கு அது இன்றியமையாததாயிற்று. நீரில் கரைந்த குளோரினில் கிருமியை விரைந்து கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற வடிவம்தான். பி.எச். 7.5 அளவில் ஏறக்குறைய பாதி அந்த வடிவில் இருக்கும். 8க்கு ஏறினால் கால் பங்குதான் தேறும். அளவு அதேதான், வலு பாதி. ஃபீனால் ரெட் என்ற சாயம் இந்த எல்லைக்குள் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறுவதால் குளத்துக்குப் பொருத்தமாக அமைந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, கான்கிரீட்டைக் குழாய் வழியே பீய்ச்சிக் குளம் கட்டும் முறை பரவியது. கலிபோர்னியா போன்ற இடங்களில் நடுத்தரக் குடும்பங்களின் கொல்லைப்புறத்துக்கும் நீச்சல் குளம் வந்தது. பொதுக் குளங்களில் பயிற்சி பெற்ற ஊழியர் செய்த வேலை வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. அவர் கையில் இருந்தது ஒரு சிறு பெட்டி: ஒட்டினாற்போல் இரண்டு குழாய்கள், இரண்டு சொட்டு மருந்துப் புட்டிகள், குழாயின் ஓரத்தில் நிறப்பட்டைகள். ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் சிவப்பு. பி.எச். ஏறினால் ஹைட்ரோகுளோரிக் அமிலம், இறங்கினால் சலவை சோடா. பி.எச். நிலையாக நிற்கக் காரத்தன்மை தேவை என்பதால் சமையல் சோடாவும் சேர்ந்தது. சுவர்ப் பூச்சைக் காக்க, பெர்க்லியில் லாங்லியர் 1936இல் நகரக் குடிநீர்க் குழாய்களுக்காக வகுத்த குறியீட்டைக் குளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். சுண்ணாம்புச் சத்து குறைந்த நீர் பூச்சை அரிக்கும். மிகுந்தால் படிவு கட்டும்.

மஞ்சள் சோதனையில் பெரிய குறை ஒன்று இருந்தது. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமின் ஆகிவிடும். கண்ணை உறுத்துவதும் ‘குளத்து வாசனை’ என்று எல்லோரும் சொல்லும் அந்த நெடியும் குளோரமினால் வருபவை. கிருமி கொல்லும் திறன் அதற்கு மிகக் குறைவு. ஆர்த்தோடொலிடினோ இரண்டையும் சேர்த்தே மஞ்சளாகக் காட்டியது. நெடி அடிக்கிறது, குழாயும் அடர் மஞ்சள் என்றால் குளோரின் அதிகம் என்றுதானே தோன்றும்? அளவைக் குறைத்துவிட்டால் நீர் இன்னும் கெடும். அங்கே செய்யவேண்டியது நேர்மாறு: குளோரமின் உடையும்வரை குளோரினை ஏற்றுவது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் இங்கிலாந்தின் ஆர்தர் பாலின். அவர் 1957இல் வெளியிட்ட டிபிடி முறையில் நீர் இளஞ்சிவப்பாகும். முதல் மாத்திரை, குளோரமின் ஆகாத கட்டற்ற குளோரினை மட்டும் காட்டும். பொட்டாசியம் அயோடைடு உள்ள அடுத்த மாத்திரையைப் போட்டதும் குளோரமினும் சேர்ந்து நிறம் அடர்ந்தால், அந்த வித்தியாசமே குளோரமின் அளவு. வீட்டுச் சோதனையில் இதைவிடப் பெரிய முன்னேற்றம் வந்ததில்லை. ஆர்த்தோடொலிடினால் புற்றுநோய் வரக்கூடும் என்ற அச்சமும் டிபிடி பரவ ஒரு காரணம்.

அதற்குள் வேறொரு பொருள் குளத்தில் கலந்துவிட்டது. திறந்தவெளிக் குளத்தில் வெயில் குளோரினை ஓரிரு மணி நேரத்தில் பெரிதும் அழித்துவிடும். சயனூரிக் அமிலம் அதைப் பற்றிக்கொண்டு காக்கும். ஆனால் பற்றப்பட்ட குளோரினுக்கு வேகம் குறைவு. டிபிடி அதையும் கட்டற்றது என்றே காட்டும். ஓபிரையனும் ஹார்வர்டு சகாக்களும் 1974இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பிணைப்பு எவ்வளவு வலுவானது என்பதைக் கணக்கிட்டுக் காட்டியது. குளோரின் மாத்திரைகள் பலவற்றில் இந்த அமிலம் உள்ளடங்கியிருப்பதாலும், அது ஆவியாகிப் போகாததாலும், நீரை மாற்றும்வரை சேர்ந்துகொண்டே போகும். அதை அளக்க மெலமின் கரைசலைக் கலப்பார்கள். நீர் பால்போல் கலங்கும். அடியில் கரும்புள்ளி உள்ள குழாயில் அதை மெல்ல ஊற்ற, புள்ளி மறையும் உயரமே அளவு.

சயனூரிக் அமிலம் மிகுந்த குளத்துக்குக் குளோரினும் அதிகம் வேண்டும். நிறப்பட்டை வழக்கமாக 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) அளவோடு முடிந்துவிடும். குளோரின் மிகவும் உயர்ந்தால் டிபிடியின் இளஞ்சிவப்பே வெளுத்து, நீரில் குளோரின் இல்லாததுபோல் தெரியும். இதனால் கவனமுள்ள வீட்டுக்காரர்கள் சொட்டு எண்ணும் முறைக்கு மாறினார்கள். டிபிடி தூளால் சிவந்த நீரில் இரும்பு உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மறையும்வரை எண்ணுவார்கள். நீர் 10 மில்லி என்றால் சொட்டுக்கு 0.5 பிபிஎம், 25 மில்லி என்றால் 0.2.