தராசும் ஊக்கமருந்தும்: குத்துச்சண்டையில் நியாயம் எங்கே தவறுகிறது?

2010 ஒக்டோபரில் டில்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில், 56 கிலோ பிரிவு குத்துச்சண்டையில் இலங்கையின் மஞ்சு வன்னியாராச்சி தங்கம் வென்றார். 1938இல் சிட்னியில் பார்னி ஹென்ரிகஸ் வென்ற தங்கத்திற்குப் பின், 72 ஆண்டுகள் கழித்து இலங்கைக்கு அந்த விளையாட்டில் கிடைத்த தங்கம் அது. நாடு கொண்டாடியது. கொண்டாட்டம் நீடிக்கவில்லை. அவரது மாதிரியில் நன்ட்ரோலோன் என்ற தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து இருந்ததாகப் பரிசோதனை முடிவு வந்தது. பதக்கம் பறிக்கப்பட்டது.

இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்ற வேல்ஸ் நாட்டு இளைஞர் ஷோன் மெக்கோல்ட்ரிக்கிற்குத் தங்கம் போய்ச் சேர்ந்தது. ஆனால் டில்லியில் மேடையின் இரண்டாம் படியில் நின்று, இன்னொருவருக்காக ஒலித்த தேசிய கீதத்தைக் கேட்ட அந்த நாளை எவராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. தாமதமாக வரும் நீதி எவ்வளவைத் தருகிறது, எவ்வளவைத் தராமல் விடுகிறது என்பது நம் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விடயம் அல்ல.

குத்துச்சண்டையில் நியாயம் இரண்டு தூண்களில் நிற்கிறது. ஒன்று, இருவரும் ஒரே நிறைப் பிரிவில் இருக்க வேண்டும். மற்றையது, இருவரும் மருந்தின் துணையின்றி மோத வேண்டும். ஓட்டப் போட்டியில் ஒருவர் ஏமாற்றினால் மற்றவர் பதக்கத்தை இழப்பார். குத்துச்சண்டையில் ஏமாற்றியவரின் கூடுதல் பலம் எதிராளியின் தலையில் இறங்குகிறது. ஆகவே இங்கு விதிமீறல் என்பது உடற்காயத்தோடு சேர்ந்த விடயம்.

இரண்டு தூண்களும் சேர்ந்து சரிந்ததற்கு ஜப்பானிய வீரர் ஷின்சுகே யமனாகாவின் கதை சான்று. 2017 ஓகஸ்டில் மெக்சிக்கோவின் லூயிஸ் நெரி அவரை வீழ்த்தி உலகப் பட்டத்தைப் பறித்தார். அந்தப் போட்டிக்கு முன் எடுக்கப்பட்ட நெரியின் மாதிரியில் சில்பட்டரோல் காணப்பட்டது. அது கால்நடைகளைக் கொழுக்க வைக்கக் கொடுக்கப்படும் பொருள். மாசடைந்த இறைச்சியே காரணமாக இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்ட உலக குத்துச்சண்டைப் பேரவை, பட்டத்தைப் பறிக்காமல் மறுபோட்டிக்கு உத்தரவிட்டது. 2018 மார்ச்சில் டோக்கியோவில் நடந்த மறுபோட்டிக்கு நெரி 118 இறாத்தல் எல்லையை ஏறத்தாழ 5 இறாத்தல் தாண்டி வந்தார். பட்டம் தராசிலேயே பறிபோனது. ஆனால் போட்டி நடந்தது. இரண்டாம் சுற்றில் யமனாகா வீழ்ந்தார். அத்தோடு அவர் ஓய்வு பெற்றார். ஜப்பான் நெரிக்குத் தடை விதித்தது. 2024 மே மாதம் நவோயா இனூவேயுடன் மோதுவதற்காக அந்தத் தடை நீக்கப்பட்டது.

அமெரிக்காவில் 2024 ஏப்ரலில் ரயன் கார்சியா 140 இறாத்தல் எல்லையை 3.2 இறாத்தலால் தாண்டினார். டெவின் ஹேனியை மூன்று முறை வீழ்த்திப் புள்ளிகளில் வென்றார். பின்னர் ஒஸ்டரின் என்ற தடைசெய்யப்பட்ட பொருள் உறுதியானது. நியூயோர்க் ஆணைக்குழு ஓராண்டுத் தடை விதித்து, வெற்றியை 'முடிவில்லாப் போட்டி' என மாற்றியது. ஹேனியின் ஏட்டில் தோல்வி அழிந்தது. வாங்கிய அடி அழியவில்லை.

இதோடு ஒலிம்பிக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். 2024 பரிசில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், இறுதிப் போட்டியன்று காலை 50 கிலோ எல்லையை 100 கிராமால் தாண்டினார். இறுதிப் போட்டியும் போனது, வெள்ளியும் போனது. தொழில்முறைக் குத்துச்சண்டையிலோ இரண்டு கிலோவுக்கு மேல் தாண்டியவரும் அபராதத்தோடு மேடை ஏறலாம். நுழைவுச்சீட்டுகள் விற்றாகிவிட்டன, தொலைக்காட்சி ஒப்பந்தமும் கையெழுத்தாகிவிட்டது. எதிராளி மறுத்தால் மாதக்கணக்கான பயிற்சியும் ஊதியமும் வீணாகும். அவருடைய சம்மதத்தை முழுமையான சம்மதம் என்று சொல்ல முடியுமா?

நிறை எடுக்கும் நேரமும் ஒரு காரணம். தொழில்முறையில் வழமையாகப் போட்டிக்கு முதல்நாளே நிறை பார்ப்பார்கள். வீரர்கள் உடலின் நீரை வற்றவைத்துத் தராசில் ஏறி, மறுநாளுக்குள் நீரும் உணவும் எடுத்துப் பல இறாத்தல் கூடிவிடுவார்கள். சரியாகக் குறைத்தவர் வாடிக் களைத்து வருவார். குறைக்காமல் வந்தவர் தெம்போடு வருவார். இந்தப் பழக்கம் உயிரையும் எடுக்கும். 2015 டிசம்பரில் சீனாவின் கலப்புத் தற்காப்புக்கலை வீரர் யாங் ஜியன் பிங், மணிலாவில் நிறை குறைக்க முயன்றபோது 21 வயதில் இறந்தார்.

பரிசோதனை முறையிலும் வேறுபாடு உண்டு. ஒலிம்பிக் விளையாட்டுகள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் ஒரே விதிக்கோவைக்குள் வருகின்றன. தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு அப்படி ஒரு தலைமை இல்லை. நாட்டுக்கு நாடு, மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். தண்டனையும் மாறும்.

அந்த விதிக்கோவையின் அடிப்படை கடுமையானது: உங்கள் உடலில் இருப்பதற்கு நீங்களே பொறுப்பு. தெரியாமல் எடுத்தேன் என்பது தண்டனையைக் குறைக்கலாம். குற்றத்தை இல்லாமல் செய்யாது. 2011இல் இலங்கைத் துடுப்பாட்ட வீரர் உபுல் தரங்க, தோள் காயத்திற்கு எடுத்த மூலிகை மருந்தில் பிரெட்னிசலோன் இருந்ததால் மூன்று மாதத் தடை பெற்றார். திறமையைக் கூட்டும் நோக்கம் அவரிடம் இருக்கவில்லை என ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்னரும் அதுதான் தீர்ப்பு.

இது நம் பிள்ளைகளுக்கும் உரிய பாடம். வஹகோட்டையிலோ முல்லைத்தீவிலோ குத்துச்சண்டையும் பளுதூக்கலும் பழகும் ஒரு பிள்ளைக்கு விளையாட்டு மருத்துவர் பக்கத்தில் இருக்கமாட்டார். பயிற்சிக்கூடத்தில் கிடைக்கும் புரதமா, தெரிந்தவர் தரும் ஊசியா, நாட்டு மருந்தா, எதுவாயினும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டறிய வேண்டும். 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்திடம் விசாரிக்கலாம். போட்டிக்கு முதல்நாள் பட்டினி கிடந்து, தண்ணீரை மறுத்து நிறை குறைக்கச் சொல்லும் பயிற்றுநரிடம் பெற்றோர் கேள்வி கேட்க வேண்டும். வறுமைக்குள்ளிருந்து மேலே வரும் பிள்ளைக்கு ஒரு தடை என்பது பல நேரங்களில் இரண்டாம் வாய்ப்பே இல்லாத முடிவு.

பெரிய மேடைகளில் மாற வேண்டியவையும் தெளிவானவை. எல்லையைத் தாண்டியவர் மேடை ஏறக்கூடாது. பரிசோதனை முடிவு தெரியாமல் மணி அடிக்கக்கூடாது. அபராதப் பணத்தால் நிறையைச் சமப்படுத்த முடியாது.