யூசிபியஸ்: இரண்டு பெயர்கள்

பாலஸ்தீனத்துச் செசரியாவில் பிஷப்பாக இருந்த யூசிபியஸ், சரித்திரத்தைப் பேரேடு மாதிரி எழுதினார். அவருடைய காலவரிசை நூலில் அஸ்ஸீரியர், எபிரேயர், எகிப்தியர், கிரேக்கர் என்று ஒவ்வொரு இனத்துக்கும் செங்குத்தாக ஒரு பத்தி. கணக்கு ஆபிரகாமிலிருந்து தொடங்குகிறது. பக்கங்கள் புரளப் புரள ராஜ்யங்கள் விழுகின்றன, பத்திகள் குறைகின்றன. எருசலேம் கோயில் அழிந்த கி.பி. 70க்குப் பிறகு யூதர்களுக்கும் பத்தி இல்லை. மிஞ்சுவது ரோம். வாதம் என்று ஒரு வாக்கியம் எழுதாமலே, கோடு போட்ட விதத்திலேயே தன் கட்சியை ஸ்தாபித்துவிடுகிறார்.

அவருடைய குரு பாம்பிலஸ், ரோமானியத் துன்புறுத்தலில் 310ல் கொல்லப்பட்டார். செத்தவரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார் சிஷ்யர். குருவின் நூலகத்திலிருந்துதான் 'திருச்சபை வரலாறு' பிறந்தது. பிறர் வார்த்தைகளை, இன்னார் சொன்னது என்று பெயரிட்டு அப்படியே எடுத்தெழுதுகிற நூல். பாப்பியஸ், ஹெகசிப்பஸ் போன்றவர்களின் புத்தகங்கள் அழிந்துபோய், பெரும்பாலும் இவர் மேற்கோள்களில்தான் உயிரோடிருக்கிறார்கள்.

இன்னொரு பெயர் கிறிஸ்பஸ். கான்ஸ்டன்டைனின் மூத்த மகன். 324ல் லிசினியஸின் கடற்படையைத் தோற்கடித்தவன். 'வரலாறு' பத்தாம் புத்தகத்தில் யூசிபியஸ் அவனைத் தகப்பனோடு சேர்த்துப் புகழ்ந்தார். 326ல் தகப்பன் ஆணையிலேயே மகன் கொல்லப்பட்டான். அந்நூலின் சிரியாக் மொழிபெயர்ப்பில் அவன் பெயர் காணோம். 337ல் சக்கரவர்த்தி இறந்த பிறகு யூசிபியஸ் எழுதிய 'கான்ஸ்டன்டைன் வாழ்க்கை'யில் அப்படி ஒரு மகன் பிறக்கவே இல்லை. கொன்றவனும் போய்விட்ட பிறகு யாருக்குப் பயம்? மற்ற மகன்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள், வாஸ்தவம்தான்.

பர்க்ஹார்ட் அவரை நேர்மையற்றவர் என்று ஒரே போடாகப் போட்டார். எனக்கு அது சுலபமான தீர்ப்பாகப் படுகிறது. பயனுள்ளதை மட்டுமே சொல்லப் போவதாக எட்டாம் புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். கிப்பன் அதைத்தான் பிடித்துக்கொண்டார். 325ல் நிசேயாவில் விசுவாசப் பிரமாணத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, ஏன் ஒப்புக்கொண்டேன் என்று ஊர்ச் சபைக்கு விளக்கக் கடிதம் அனுப்பியவரும் இவர்தான். அப்படிப்பட்டவர் கிறிஸ்பஸ் விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை விளக்கம் தரவில்லை. கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. தவறான எண்ணைச் சுரண்டக் கூடாது. கோடு கிழித்து, அருகில் சுருக்கொப்பம் இட வேண்டும். அடித்தது தெரிய வேண்டும். பேரேட்டை உண்டாக்கியவர் அந்த இடத்தில் சுரண்டிவிட்டார்.

ஆனால் பிரதிகள் கைமாறிப் போயிருந்தன. கிரேக்கப் பிரதிகளில் கிறிஸ்பஸ் இருக்கிறான். காலவரிசை நூலின் கிரேக்க மூலம் தொலைந்துவிட்டது. அதை ஜெரோம் லத்தீனில் பெயர்த்து 378 வரை நீட்டினார். அந்த லத்தீன் பிரதியில் ஒரு வரி, கான்ஸ்டன்டைனின் மகன் கிறிஸ்பஸ் கொடூரமாகக் கொல்லப்பட்டான் என்று பதிந்திருக்கிறது.