வாப்பா கட்டிய வீடு

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.

பாகப்பிரிவினைக்காக நம்மை நாடி வரும் குடும்பத்தார், பங்குக் கணக்கு முடிந்ததும், "வாப்பா கட்டிய வீட்டை இடித்துவிடலாமா?" என்று கேட்பதுண்டு. மார்க்கத்தில் அதற்குத் தடையில்லை. எனினும், இடித்துத்தான் ஆகவேண்டுமா என்பதை வரலாற்றின் துணையோடு சிந்திப்போமாக.

தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையை நாம் அறிவோம். கி.பி. 1601ஆம் ஆண்டளவில் தொடங்கிய அது, 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் விரிவடைந்தது. அப்போதும் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரம் இடிக்கப்படவில்லை. பழையதோடு சேர்ந்தே புதியவை எழுந்தன.

நம் காலத்தில் இம்முறையைக் குடியிருப்பு வீட்டிலேயே செய்து காட்டியவர், தந்தை வழியில் முஸ்லிம் மரபினரான இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919-2003) ஆவார். கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் நான்கு சிறு வீடுகள் வரிசையாக இருந்தன. 1958இல் அவற்றுள் ஒன்றில் குடியேறிய அவர், 1968 வரை படிப்படியாக மற்றவற்றையும் பெற்று, நான்கையும் ஒரே இல்லமாக இணைத்தார். முகப்பில் மட்டும் புதிய மாடிக் கட்டடம் எழுந்தது. இடையிடையே சிறு முற்றங்கள் அமைந்து காற்றும் வெளிச்சமும் தந்தன. செட்டிநாட்டுப் பழைய வீட்டுத் தூண்களும் அங்கே மறுவாழ்வு பெற்றன. 2001இல் ஆகா கான் கட்டடக்கலை விருதுக் குழு, தலைவர் விருதளித்து அவரைச் சிறப்பித்தது.

நமது பழைய வீடுகளின் தேக்கும் அயனியும் பலாவும் இன்று எளிதில் கிடைப்பவை அல்ல. அவற்றைக் கழிவு விலைக்கு விற்றுவிட்டு, அதிக விலைக்குப் புது மரம் வாங்குவது வீண்விரயமன்றோ? ஆகவே, முதலில் பொறியாளரைக் கொண்டு அடித்தளத்தையும் உத்தரங்களையும் சோதிக்க வேண்டும். உறுதியான முன்கட்டையும் முற்றத்தையும் பேணி, பின்புறத்தில் தனித் தூண்களின் மீது புதிய மாடியை எழுப்பலாம். சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பு கொண்டே பழுதுபார்க்க வேண்டும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் கெடும். கறையான் அரித்து ஆபத்தான வீடாயின், தயங்காமல் அகற்றுவதே முறை.

ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். பழமையைக் காக்கிறோம் என்று கூறி, சகோதரிகளின் பங்கைத் தாமதிப்பது பெரும் அநீதியாகும். வீட்டை வைத்துக்கொள்பவர், நியாயமான மதிப்பின்படி மற்ற வாரிசுகளுக்கு உரியதைக் கொடுத்து, அவர்களின் மனமொப்பிய சம்மதத்தைப் பெறட்டும். ஹக்கு நிறைவேறிய வீட்டில்தான் பரக்கத் தங்கும்.

முன்னோர் விட்டுச் சென்றதை நீதியோடு பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.