இழுவடமும் தண்டவாளமும்

ஸ்பெயினின் எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் வண்டி வாகனத் தொல்லையில்லாமல் சைக்கிளில் போக வேண்டும் என்றால் இரண்டு வழிகள் முதலில் நினைவுக்கு வரும். ஒன்று, துதேலா நகருக்கு அருகில் ஆற்றிலிருந்து பிரிந்து சரகோசாவைத் தாண்டிப் போகும் அரகோன் பேரரசுக் கால்வாயின் கரை. இன்னொன்று அதே ஆற்றின் கீழ்க்கோடியில், தெர்ரா அல்தா மலையிலிருந்து தொர்தோசாவுக்கு இறங்கும் கைவிடப்பட்ட ரயில்பாதை. முதலாவதில் கோவேறு கழுதைகள் படகிழுத்தன. இரண்டாவதில் ரயில் ஓடியது. போக்குவரத்துக்கென்றே போட்ட தடங்கள், போக்குவரத்து ஒழிந்தபின் சைக்கிள்காரர் கைக்கு வந்தன. ஆனால் ஒழிந்த விதம் ஒன்றல்ல. ரயில் முழுசாகச் செத்தது. கால்வாயில் படகு மட்டும்தான் செத்தது. தண்ணீர் இன்றும் ஓடுகிறது. மிதிக்கிறவர் கால் அறிகிற வேறுபாடுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

கால்வாய்தான் மூத்தது. 16ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் காலத்தில் பாசன வாய்க்காலாகத் தொடங்கியது. பேரில் இருக்கும் ‘பேரரசு’ அவர் விட்டுப்போனது. அந்த வேலை நொண்டி நின்றுபோக, இருநூறு ஆண்டுகள் கழித்து ராமோன் பிக்னதெல்லி என்ற சரகோசாப் பாதிரியார் அதைத் தலையில் போட்டுக்கொண்டார். பாசனம் மட்டும் போதாது, படகும் போக வேண்டும், ஒருநாள் மத்தியதரைக் கடல்வரை போக வேண்டும் என்பது அவர் காலத்துக் கனவு. ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள். 1784இல் தண்ணீர் சரகோசாவுக்கு வந்து சேர்ந்தது. மனிதர் சும்மா இருக்கவில்லை. நம்பாதவர்களுக்கு நம்பிக்கை வரவும் வழிப்போக்கர்களுக்கு வசதியாகவும் என்ற பொருளில் லத்தீனில் எழுதிவைத்து ஒரு குடிநீர் ஊற்றைக் கட்டினார். ‘நம்பாதவர்களின் ஊற்று’ என்றே அதற்குப் பெயர். கேலி பேசியவர்களுக்குத் தண்ணீராலேயே பதில் சொன்ன பொறியியல் வேலை உலகத்தில் அதிகமிருக்காது.

ரயில்பாதைக்கு இப்படி வெற்றிக் கதை எதுவும் கிடையாது. அரகோனிலுள்ள லா புவெப்லா தெ ஹீஹாரிலிருந்து எப்ரோ முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள கடற்கரைவரை போவதாகத் திட்டம். ‘வால் தெ சஃபான்’ பாதை என்று பெயர். 1895இல் அல்கன்யீஸ் நகர்வரை வந்து நின்றது. அப்புறம் பல பத்தாண்டுகள் இழுபறி. 1938இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் எப்ரோ சண்டை நடந்தபோது பிராங்கோ படைக்குத் தளவாடம் கொண்டுவர இந்தப் பாதை தேவைப்பட்டது. போத் என்ற சிற்றூர்வரை தண்டவாளம் வந்தது. போர்க்கைதிகளின் உழைப்பும் இந்தப் பாதையில் கிடக்கிறது. தொர்தோசாவுக்கு ரயில் வந்தது 1942இல். 1973இல் பாதையிலிருந்த ஒரு சுரங்கக் குகை இடிந்தது, சரிசெய்ய யாருக்கும் மனமில்லை, ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். இத்தனை காலம் இழுத்த திட்டம் தொர்தோசாவரை ஓடியது முப்பத்தோரு ஆண்டுதான். கடலை அது கடைசிவரை பார்க்கவில்லை. பிக்னதெல்லியின் கால்வாயும் பார்க்கவில்லை. மொத்தம் நூற்றுப்பத்து கிலோமீட்டர் அளவில், சரகோசாவைத் தாண்டிய சற்றுத் தூரத்திலேயே முடிந்துபோனது.

இன்னொரு முடிச்சும் உண்டு. துதேலாவுக்கும் சரகோசாவுக்கும் இடையே பயணிகளை ஏற்றிச் சென்ற கால்வாய்ப் படகுக்கு எமனாக வந்தது 1861இல் அதே தடத்தில் ஓடத் தொடங்கிய ரயில். அந்த ரயிலின் இனத்தைச் சேர்ந்த வால் தெ சஃபானை நூறாண்டு கழித்துச் சாலையும் லாரியும் முடித்துவைத்தன. சாலையை யார் முடிப்பார்கள் என்பது நமக்கு வேண்டாத கவலை.

இப்போது சைக்கிளில் ஏறலாம். கால்வாய்க் கரைக்கு ஸ்பானிய மொழியில் ‘சிர்கா வழி’ என்று பெயர். சிர்கா என்றால் படகை இழுக்கும் வடம். வடம் பிடித்த கழுதை நடந்த தடம் என்பதால் ஏற்றம் இறக்கம் என்று எதுவுமே இல்லை. ரயில்பாதையிலும் ஏற்றம் மெதுவானதுதான், ஆனால் சரிவு தெரியும்: தெர்ரா அல்தாவிலிருந்து கீழே வந்தால் பெடலை மறந்துவிடலாம், திரும்பிப் போனால் தொடை ஞாபகப்படுத்தும். ஆகவே அங்கே எல்லோரும் மேலிருந்து கீழாகத்தான் போகிறார்கள். கால்வாயிலும் ஆற்றோடு கீழே போவதுதான் புத்திசாலித்தனம். அங்கே காரணம் சரிவில்லை, காற்று. வடமேற்கிலிருந்து பள்ளத்தாக்கு நெடுக வீசும் ‘சியெர்சோ’ என்ற வறண்ட காற்று எதிரே வந்தால், தட்டையான தரையிலும் மலையேறுகிற பாடுதான். மேட்டை முன்கூட்டியே வரைபடத்தில் பார்த்துத் தயாராகலாம். காற்றை அப்படிப் பார்க்க முடியாது. தட்டைதான் எளிது என்று நினைத்து வருகிறவர்கள் இதை முதல் நாளே படித்துக்கொள்கிறார்கள்.

ரயில்பாதையின் தனிச்சொத்து அதன் குகைகள். அர்னெஸ் பக்கமிருந்து பினெல் தெ பிராய் வரையிலான தெர்ரா அல்தா துண்டு இருபத்துமூன்று கிலோமீட்டர். அதற்குள் இருபது குகைகள். கோடைப் பகலில் வெள்ளைப் பாறை கண்ணைக் கூசவைக்க, வெயிலில் வறுபட்டு வருகிறீர்கள். குகை வாயைத் தாண்டிய நொடியில் வியர்வை சில்லிடுகிறது. கண் இன்னும் வெயிலிலேயே நிற்பதால் எதுவும் தெரிவதில்லை. டயர் மண்ணில் உரசும் சத்தம் திடீரென்று பெரிதாகிறது. எதிரே யாரோ வருகிற விளக்கு ஒன்று புள்ளியாக ஆடுகிறது. எவ்வளவு தூரம் என்று கணிக்க முடிவதில்லை. வளைவான குகையில் மறுவாய் தெரியாது. எல்லாக் குகையிலும் விளக்கு இருக்கும், எரியும் என்று நம்பக் கூடாது. டார்ச்சில்லாமல் வருவது முட்டாள்தனம். இதே பாதையின் மேற்பகுதியில், வால்தெஅல்கோர்ஃபா ஊருக்கருகில், இரண்டு கிலோமீட்டருக்கும் நீளமான ஒரு குகை இருக்கிறது. அம்பு விட்டதுபோல் நேர்க்கோடு. இரவும் பகலும் சமமாகும் நாட்களையொட்டி, காலைச் சூரியன் ஒரு வாய்வழி நுழைந்து மறுவாய்வரை பாயும். வெட்டிய பொறியாளர் நினைத்துச் செய்தாரா என்றால், ரயிலுக்கு நேர்வழி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மலைக்குள் புகுந்து போவதால் ரயில்பாதைக்கு ஊர் முக்கியமில்லை. ஸ்டேஷன் பள்ளத்தில் இருக்கும், ஊர் மேட்டில் இருக்கும். ஓர்தா தெ சன் ஜுவானைப் பார்க்காமல் போவது பாவம் என்பார்கள். பிக்காசோ 1898இலும் பின்னர் 1909 கோடையிலும் தங்கி வரைந்த ஊர் அது. ஆனால் பாதையிலிருந்து விலகி, ரயில் ஏறியே இராத ஏற்றத்தில் மிதித்து மேலே போக வேண்டும். பிக்காசோவுக்கும் அந்த ஏற்றம்தான். அவர் காலத்தில் இந்த ரயிலே இல்லை. தொர்தோசாவில் இறங்கிக் கோவேறு கழுதையோடு வந்து சேர்ந்தார். பசித்த வயிற்றோடு பாதையிலேயே காத்திருந்தால், திறந்திருக்கும் பழைய ஸ்டேஷன் உணவகம் ஒன்று கண்ணில் படுவது உங்கள் அதிர்ஷ்டம்.

கால்வாய் அப்படியில்லை. பாசனம் ஊர்களுக்காக வந்தது. ஆகவே ஊர்களை ஒட்டியே போகிறது. ரிபாஃபொராதா, கல்யூர் என்று வரிசையாக வருகின்றன; காப்பிக்கும் ரொட்டிக்கும் பஞ்சமில்லை. கிரிசேன் அருகே ஓரிடம்: ஹலோன் ஆறு குறுக்கே வருகிறது, கால்வாய் அதன்மேல் கல்தொட்டிப் பாலத்தில் ஏறிக் கடக்கிறது. சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தால் பக்கத்தில் ஒரு தண்ணீர் போகிறது, காலுக்குக் கீழே இன்னொரு தண்ணீர் வேறு திசையில் போகிறது. சரகோசாவின் காசாபிளாங்காவில் படகுகளைப் படிப்படியாக இறக்கிய பூட்டுமதகுகள் நிற்கின்றன. பார்க்க வேண்டிய கட்டுமானங்கள் என்று எண்ணினால் கால்வாய்தான் பணக்காரன்.

ஆனால் வாகனமே இல்லாத வழி என்ற பட்டத்தை அதற்குக் கொடுக்க எனக்குத் தயக்கம். உயிரோடு இருக்கும் கால்வாய்க்கு வேலை இருக்கிறது. மதகு பார்க்க வருபவரின் ஜீப், அல்ஃபால்ஃபா தீவனம் ஏற்றிய டிராக்டர், வயலுக்குப் போகிற விவசாயியின் பழைய கார். ஒதுங்கி வழி விட்டு, கிளப்பிய புழுதியை விழுங்கிக்கொண்டு நிற்க வேண்டும். அது அவர்கள் வழி, நாம்தான் விருந்தாளி. சில இடத்தில் கரை முள்ளும் குண்டுங்குழியுமாகக் கிடக்கும். பாலம் ஏறி அக்கரைக்கு மாற வேண்டும். மெல்லிய டயரோடு வந்தவர் வருந்துவார். ரயில்பாதையோ ‘வியா வெர்தே’, அதாவது பசுமை வழி. ரயில் விட்டுப்போன தடங்களைச் சைக்கிளுக்கும் நடைக்கும் ஆக்குகிற இத்திட்டம் 1993இல் தொடங்கி, ஸ்பெயின் முழுக்க மூவாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அந்த நிலத்தில் இனி யாருக்கும் வேறு வேலையில்லை. குழந்தையைப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டு போக வேண்டுமானால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

அங்கேயும் ஒரு குசும்பு. ரயிலுக்காகப் போட்ட பாதையின் அர்னெஸ் முனைக்குப் போய்ச்சேர இன்று ரயில் கிடையாது. தொர்தோசாவில் இறங்கி, சைக்கிள் ஏற்றிக்கொள்ளும் வாடகை வண்டி பிடித்து மலைக்குப் போகிறார்கள். படகுக்காகப் போட்ட கரையிலோ, காற்று மிஞ்சினால் கல்யூரிலோ ரிபாஃபொராதாவிலோ ஸ்டேஷனுக்குப் போய், படகைக் கொன்ற அந்த ரயிலிலேயே வீடு திரும்பலாம்.

மூன்று நாள் கையிலிருந்தால் என் ஓட்டு கால்வாய்க்கு. ஒரே நாள் என்றால் ரயில்பாதை. அந்தக் குகைகளுக்கு ஈடில்லை. பினெலுக்குப் பின் மலை விலகி, பெனிஃபல்யெத் பக்கம் எப்ரோ அகன்று கண்ணில் படும். பாறையும் பைன் மரமும் முடிந்து ஆரஞ்சுத் தோப்பு தொடங்கும். ஷெர்தா ஊருக்கருகில் ஆற்றின் குறுக்கே சாய்வாகக் கிடக்கிறது ஒரு பழைய தடுப்பணை. அங்கிருந்துதான் எப்ரோ கழிமுகத்து நெல்வயல்களுக்குத் தண்ணீர் பிரிகிறது. மலையிலிருந்து உருண்டுவந்த சைக்கிள்கள் அந்தப் பக்கம் வேகம் குறைகின்றன. தொர்தோசாவுக்கு மிச்சமிருக்கும் தூரம் தட்டை; இனிமேல் மிதித்துத்தான் ஆக வேண்டும். பக்கத்தில் பாசன வாய்க்கால் தன் பாட்டுக்குக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.