பளையும் வெட்டுப்புள்ளியும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையை எதிர்கொள்ளும் மாணவரின் பதற்றம் மனத்தின் பலவீனமாகவோ தயாரிப்பின் குறையாகவோ விளக்கப்படுவது வழக்கம்; ஆனால் பளையை மையமாகக் கொண்ட பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தில் அப்பதற்றம் பல்கலைக்கழக அனுமதி விதிகளோடும் நிருவாக எல்லைகளோடும் பிணைந்தே வளர்ந்து வந்துள்ளது.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின் பள்ளிக்கு வருவோர் பெருகினர். பல்கலைக்கழக இடங்களோ அந்த அளவுக்குப் பெருகவில்லை. அறிவை அளந்த பரீட்சை, ஆட்களை வடிகட்டும் பரீட்சையாக மாறியது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், அதாவது மொழிமூலத்தையும் பின்னர் மாவட்டத்தையும் கொண்டு அனுமதியை முடிவுசெய்யும் முறை, அந்த வடிகட்டலை அரசியலாக்கியது. பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயிருந்தபோது தமிழ் மொழிமூலத்தாருக்கு 250 தேவைப்பட்டது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது பளை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தமையால், தென்னந்தோட்டங்களுக்கு நடுவே படித்த பிள்ளையும் யாழ் நகரின் பெருங்கல்லூரி மாணவரும் ஒரே மாவட்டப் பங்குக்கே போட்டியிட்டனர். 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டதன் விளைவாக, இன்று ஏ9 வீதியில் அடுத்தடுத்து அமைந்த ஊர்களில் பளைப் பக்கத்து முகமாலை கிளிநொச்சியிலும் எழுதுமட்டுவாள் யாழ்ப்பாணத்திலும் அமைய, இரண்டும் வெவ்வேறு வெட்டுப்புள்ளிகளுக்கு, அதாவது அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளிகளுக்கு, உரியவையாக உள்ளன. கல்வியில் பின்தங்கியதாகக் கணிக்கப்படும் மாவட்டம் என்ற வகையில் கிளிநொச்சிக்குச் சலுகையும் உண்டு. அச்சலுகை நியாயமானதே என்றாலும், ஒரு கோட்டின் எந்தப் பக்கம் பாடசாலை நிற்கிறது என்பதும் மாணவரின் கணக்கில் சேர்ந்துகொள்வதை அது தடுக்கவில்லை.

போர்க்காலத்தில் அழுத்தம் என்ற சொல்லே போதாமற்போனது. வடக்கின்மீது 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது, போத்தலின் அடியில் வைத்த பஞ்சில் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்டு எரித்த ஜாம் போத்தல் விளக்கே இரவுப் படிப்பின் ஒளியாயிற்று. 2000 ஏப்ரலில் ஆனையிறவு இராணுவத் தளம் வீழ்ந்த சமரில் பளையும் போர்க்களமாகியது. 2006 ஓகஸ்டில் முகமாலை மீண்டும் போர்முனையானது. 2009இல் வன்னி மாணவர்கள் வவுனியா செட்டிகுளம் முகாம்களில் இருந்தவாறே உயர்தரப் பரீட்சை எழுதினர்.

இன்றைய தயாரிப்பு முறைகளும் இந்த வடிகட்டலுக்கு ஏற்பவே உருவானவை. கடந்தகால வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்வதும், அவற்றைப் புள்ளி வழங்கும் திட்டத்தோடு, அதாவது எந்த வரிக்கு எத்தனை புள்ளி என்று திருத்துவோருக்கு வகுக்கப்பட்ட ஒழுங்கோடு ஒப்பிடுவதும் பயன் தருபவை. விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்கு ரியூட்டரிகளில், அதாவது தனியார் வகுப்புகளில், தனி மதிப்பு இருப்பதும் இதனாலேயே. வினாத்தாளோடு வழங்கப்படும் பத்து நிமிட மேலதிக வாசிப்பு நேரம், வினாக்களைத் தெரிவுசெய்து, எதை முதலில் எழுதுவது என்று ஒழுங்குபடுத்துவதற்கென்றே தரப்படுகிறது. அதைப் பதற்றத்தில் வீணாக்காதவருக்கு அதுவே பெரிய உதவி. அனுமதியை முடிவுசெய்யும் இசட் புள்ளி, ஒவ்வொரு பாடத்திலும் ஒருவரின் புள்ளி அப்பாடச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதை நியமவிலகலால் அளப்பதால், பெற்ற புள்ளியை மட்டும் பார்த்து மாணவர் தம் நிலையை அறிய முடியாது. பெறுபேறு வந்தபின்னும் வெட்டுப்புள்ளி வெளியாகும்வரை காத்திருப்பு நீள்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவையே தோற்றலாம் என்பதால், முதல் ‘ஷை’யில், அதாவது முதல் தடவையில், பிள்ளை தவறிய வீடுகளில் இரண்டாம் ‘ஷை’க்கான கணக்கு அந்தக் காத்திருப்பின்போதே தொடங்கிவிடுகிறது.