இரை எலி வளர்ப்பு

பாம்பு வளர்ப்போர் தம் பாம்புகளுக்கு உணவாகும் எலிகளை வீட்டிலேயே ஈனவைத்து வளர்ப்பது இரை எலி வளர்ப்பு எனப்படும். பிரிட்டனிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் இது வீட்டளவில் நடக்கிறது. இரைக்கு வளர்ப்பதும் செல்லமாகத் தோளில் ஏற்றி வளர்ப்பதும் ஒரே விலங்குதான்: ராட்டஸ் நார்வெஜிகஸ் என்னும் பழுப்பு எலியின் பழக்கப்பட்ட வகை. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்றிரண்டுக்குப் பெயர் வைத்துக் கூண்டில் வளர்த்து, மற்றவற்றை உறைபெட்டியில் வைக்கும் வீடுகள் உண்டு.

வரலாறு

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் மதுக்கடைகளில், அடைப்புக்குள் எலிகளை விட்டு நாயை ஏவிக் கொல்லவைக்கும் பந்தயம் நடந்தது. அக்காலத்தில் எலிபிடித்துப் பிழைத்தவர் ஜாக் பிளாக். விக்டோரியா அரசியின் எலிபிடிப்பவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர். வெள்ளையோ புள்ளியோ, வழக்கத்துக்கு மாறான நிறத்தில் எலி சிக்கினால் அதைத் தனியே வைத்துப் பெருக்கிச் செல்லப் பிராணியாக விற்றார். ஹென்றி மேஹ்யூ லண்டன் உழைப்பாளர்களைப் பற்றி எழுதிய நூலில் இவரது பேட்டி இருக்கிறது. ஆக, சாவுக்குப் போகும் எலியும் மடியில் கிடக்கும் எலியும் தொடக்கத்திலிருந்தே ஒருவர் கைவழியே பிரிந்தவை. 1901-இல் மேரி டக்ளஸ் என்பவரின் முயற்சியால் பிரிட்டனின் தேசியச் சுண்டெலிச் சங்கம் எலிகளையும் கண்காட்சியில் சேர்த்துக்கொண்டது. எலிகளுக்கென்றே தேசியச் சங்கம் அங்கு 1976-இல் அமைந்தது.

இனப்பெருக்கம்

எலியின் சினைக்காலம் 21 முதல் 23 நாள். ஓர் ஈற்றுக்குப் பொதுவாக 6 முதல் 12 குட்டிகள். அவை ஐந்து, ஆறு வாரத்திலேயே இனம் பெருக்கும் பருவத்தை எட்டிவிடுவதால் ஆணையும் பெண்ணையும் அதற்குள் பிரித்தாக வேண்டும். குட்டி ஈன்ற ஒரு நாளுக்குள் தாய் மறுபடி சினைப்படக்கூடும். ஆணைக் கூண்டிலேயே விட்டுவைத்தால் ஓர் ஈற்றுக்குப் பாலூட்டிக்கொண்டே அடுத்ததைச் சுமப்பாள். எண்ணிக்கை கூடும், தாய் உருக்குலைந்துபோவாள். ஒவ்வோர் ஈற்றுக்குப் பின்னும் அவளுக்கு ஓய்வு கொடுக்காத வளர்ப்பை நல்ல வளர்ப்பு என்று சொல்ல முடியாது.

இரைக்குட்டிகள் வயதின்படி தரம் பிரிக்கப்படுகின்றன. மயிர் முளைக்காத இளஞ்சிவப்புக் குட்டி ‘பிங்கி’. மெல்லிய மயிர் படர்ந்தது ‘ஃபஸி’. இரண்டாம் வாரத்தில் கண் திறக்கும், மூன்றாம் வாரத்தில் பால் மறக்கும். அதன்பின் எடையே கணக்கு. இரையின் பருமன் பாம்பின் உடல் மிகத் தடித்திருக்கும் இடத்தின் அளவை ஒட்டி இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி.

பராமரிப்பு

எலி கூட்டமாக வாழும் உயிர். தனியே அடைப்பது அதற்குத் துன்பம். மனநிறைவோடு இருக்கும் எலி பற்களை மெல்ல அரைக்கும். அப்போது தாடை அசைவில் கண்கள் உள்ளும் புறமும் துள்ளுவதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். எலிகளைக் கூச்சம் காட்டி விளையாடும்போது மனிதக் காதுக்கு எட்டாத 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் அவை ஒலியெழுப்புவதை யாக் பாங்க்செப் என்னும் நரம்பியல் அறிஞர் ஆராய்ந்து, அதைச் சிரிப்போடு ஒப்பிட்டார். மூக்கோரத்திலும் கண்ணோரத்திலும் செம்பழுப்புக் கறை படிந்தால் அது இரத்தமாக இருப்பதில்லை. போர்ஃபிரின் என்னும் நிறமி. நோய்க்கோ மன உளைச்சலுக்கோ அது அறிகுறி. சிறுநீர் ஊறிய படுக்கையிலிருந்து எழும் அம்மோனியா, மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் நுரையீரல் நோயை முற்றவைக்கும். இவை எதுவும் இரை எலிக்கு வேறு, செல்ல எலிக்கு வேறு அல்ல. ‘எப்படியும் சாகப்போகிறது’ என்ற எண்ணத்தில் நெருக்கடியான பெட்டிகளில் அடைத்து வைப்பதே இத்தொழிலின் பெருங்குறை. அப்படி வளர்ந்த எலியை உண்ணும் பாம்புக்கும் அதனால் நன்மை இல்லை.

கொல்லுதலும் ஊட்டலும்

உயிருள்ள எலியைப் பாம்பின் பெட்டிக்குள் விடுவது இரண்டுக்குமே கேடு. தப்ப வழியற்ற எலி கடிக்கும். கண்ணை இழந்த, தசை கிழிந்த பாம்புகள் உண்டு. கூண்டில் வளரும் பாம்புகளில் மிகப் பெரும்பாலானவை கொன்ற இரையை ஏற்கப் பழகிவிடுவதால் இந்த வதைக்குத் தேவையே இல்லை. கொல்வதற்குக் கரியமிலவாயுவைப் படிப்படியாக நிரப்பும் முறை பரவலாக உள்ளது. பிறந்த சில நாள் குட்டிகள் ஆக்சிஜன் குறைவை நெடுநேரம் தாங்குவதால் அவற்றுக்கு இம்முறை எளிய சாவைத் தராது. உணர்வோடு இருக்கும் எலியை உறைபெட்டியில் போடுவது கொடுமை. உறைந்த இரையைக் குளிர்பெட்டியில் இளகவிட்டு, பிறகு வெந்நீரில் சூடாக்குவார்கள். மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் உள்ளே வெந்து, வயிறு வெடித்துவிடும்.

நோய்கள்

உறையவைப்பதால் சால்மோனெல்லா கிருமி அழியாது. எலிக்கடிக் காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் மனிதருக்குத் தொற்றக்கூடியவை. 2017-இல் அமெரிக்காவில் வீட்டு எலி வளர்ப்பாளர்களிடையே சியோல் வைரஸ் பரவி, 11 மாநிலங்களில் 31 வளர்ப்பிடங்களில் தொற்று கண்டறியப்பட்டது; 17 பேருக்கு இருப்பது உறுதியானது. ஒரு வளர்ப்பிடத்திலிருந்து இன்னொன்றுக்கு எலிகளைக் கைமாற்றியதே பரவலுக்கு வழியாயிற்று. புதிதாக வாங்கிய எலியைச் சில வாரம் வேறு அறையில் வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும். இரைப் பெட்டியிலிருந்து செல்லமாக வாங்கிவந்தது பெண் எலியானால், அது முன்பே சினையாக இருக்கிறதா என்பதும் அந்த வாரங்களில் தெரிந்துவிடும்.