மாத்திரையின் எந்தப் பாதி?

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்கிற பெருங்குடல் புண் நோய் மிதமாக இருந்தால், இன்றைக்கும் டாக்டர்கள் முதலில் எழுதித் தருவது மெசலமைன். இந்த மருந்து எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். கதை மூட்டுவலியில் ஆரம்பிக்கிறது.

சுவீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் 1937-ல் கரோலின்ஸ்காவில் பேராசிரியர் ஆனவர். மூட்டுவாதத்துக்குக் கிருமிதான் காரணம் என்று பலர் நம்பிய காலம் அது. கிருமிக்கு ஒரு சல்ஃபா மருந்து, வலிக்கு ஆஸ்பிரினின் பங்காளியான ஒரு சாலிசிலேட், இரண்டையும் ஒரே மூலக்கூறாக ஒட்டிவிடலாம் என்பது அவர் யோசனை. பார்மசியா நிறுவனம் செய்து கொடுத்தது. பெயர் சல்ஃபாசலசின். அதைப் பெருங்குடல் புண்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தால் நன்றாகக் கேட்டது.

ஏன் கேட்கிறது? தெரியாது. எங்கள் தொழிலிலும் உண்டு: ஓடுகிற ப்ரோக்ராமில் யாரும் கை வைக்க மாட்டோம். இதுவும் முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது.

கை வைத்தவர் வங்கதேசத்துக்காரரான ஏ.கே. ஆசாத் கான். ஆக்ஸ்ஃபோர்டில் ட்ரூலவ் என்பவரிடம் ஆய்வு செய்தார். (கார்ட்டிசோன் இந்த நோயில் பலன் தரும் என்று 1955-ல் சோதித்துக் காட்டியவரும் இதே ட்ரூலவ்தான்.) பெருங்குடல் பாக்டீரியாக்கள் அந்த மூலக்கூறை இரண்டாக உடைக்கின்றன என்பது அதற்குள் தெரிந்திருந்தது. அப்படியானால் குணமாக்குவது எந்தப் பாதி? சிலருக்கு முழு மருந்து, சிலருக்கு சல்ஃபா, சிலருக்கு சாலிசிலேட் கொடுத்தார்கள். எல்லாம் எனிமாவாக. தனித்தனிப் பாதியை வாய்வழி கொடுத்தால் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், புண் இருக்கிற இடத்துக்குப் போகாது. 1977-ல் லான்செட்டில் விடை வந்தது: சாலிசிலேட் பாதிதான். சல்ஃபா வெறும் வண்டி.

வண்டி சும்மா வரவில்லை என்பதுதான் கொடுமை. தலைவலி, குமட்டல் பெரும்பாலும் அதன் கைவரிசை. ஆண்களின் விந்தணுக்களையும் குறைத்தது. மாத்திரையை நிறுத்தினால் சில மாதங்களில் சரியாகிவிடும். ஆனால் இது தெரியவருவதற்கு முன்னால், குழந்தை இல்லை என்று கோயில் கோயிலாகப் போனவர்களில் எத்தனை பேர் இதை விழுங்கிக்கொண்டிருந்தார்களோ! வண்டியைக் கழற்றிவிட்டு, பெருங்குடல் பக்கம் போய்க் கரையும்படி மேல்பூச்சு போட்டு எடுத்ததுதான் மெசலமைன்.

மருந்து இருக்கிறது, சரி. நோய் பிடிபட வேண்டுமே. எங்கள் ஜேடர்பாளையம் பக்கம் மலத்தில் ரத்தம் போனால் முதலில் 'சூடு' என்பார்கள், அப்புறம் மூலம், அப்புறம் சீதபேதி. என் மாமா ஒருத்தர் மூலம் என்றே இரண்டு வருஷம் மோரும் நாட்டு மருந்துமாக ஓட்டினார். கொலோனோஸ்கோபி பார்த்த பிறகுதான் பெயர் தெரிந்தது.

சீதபேதி என்று சந்தேகப்படுவதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அமீபாவும் இதே மாதிரி புண்ணாக்கும். அது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் குடலே ஓட்டையாகலாம். மெசலமைன் போதாதவர்களுக்கு அசதயோபிரின், இன்ஃப்ளிக்சிமாப், டோஃபாசிடினிப் என்று வரிசை நீளுகிறது. எதற்கும் அடங்காவிட்டால் பெருங்குடலையே எடுத்துவிடும் ஆபரேஷன். இன்ஃப்ளிக்சிமாபும் டோஃபாசிடினிப்பும் உள்ளே தூங்கும் காசநோயை எழுப்பிவிடலாம் என்பதால், நம் ஊரில் அந்தப் பரிசோதனையைத் தாண்டிப் போகவே முடியாது.

மாமா இப்போது மெசலமைனில் இருக்கிறார். நடுவில் நன்றாகிவிட்டது என்று அவராகவே நிறுத்தினார். நாலே மாதத்தில் மறுபடி ரத்தம்.